ரெண்டடி பக்கெட்டும் ஒன்றரை அடி வாய்க்காலும்

தை அறுவடை, அது முடிஞ்சு உளுந்து, அது முடிஞ்சு கடன் அடைக்கிற ஓட்டம்னு ரெண்டு மாசமா எழுத முடியல. இப்ப பங்குனி வெயில்ல மதியம் வீட்டுக்குள்ளதான் கெடக்கணும், அதனால எழுதுறேன்.

இன்னைக்கு எழுதப் போறது பக்கெட்டைப் பத்தி. குளிக்கிற பக்கெட் இல்ல, மண் தோண்டுற பக்கெட். இதுல எழுத என்ன இருக்குன்னு நெனைப்பீங்க. எனக்கு இதுல எட்டு மூட்டை நெல்லு போயிருக்கு. அதனால எழுதத்தான் போறேன், கொஞ்சம் கோவமாவே எழுதுவேன்.

போன ஆவணியில எங்க வயலுக்கு வர்ற கிளை வாய்க்காலைத் தூர் வாரினாங்க. அந்த வாய்க்கால் அடியில ஒன்றரை அடிதான் அகலம். மேல வர வர சரிஞ்சு மூணு அடி இருக்கும். எங்க தாத்தா காலத்துல இருந்து மம்பட்டியாலயே வெட்டி வெட்டி வந்த வாய்க்கால். ரெண்டு பக்கக் கரையிலயும் அறுகு பின்னிக் கெடக்கும். கரையைத் தாங்குறது அந்த அறுகு வேர்தான், மண்ணு இல்ல. இதுக்குள்ள ஒரு பெரிய ஜேசிபி வந்துச்சு. அதோட பின்பக்கக் கையில மாட்டியிருந்தது ரெண்டு அடிக்கு மேல அகலமான பக்கெட், பக்கத்துக்கு ஒரு வெட்டுத்தகடு வேற. ஒன்றரை அடி வாய்க்காலுக்குள்ள ரெண்டேகால் அடி பக்கெட் எப்படிப் போகும்? கரையைச் செதுக்கிக்கிட்டுத்தான் போகும். போச்சு. அரை நாள்ல வாய்க்கால் முழுக்க ‘சுத்தம்’. பாக்க நேரா, செவுரு மாதிரி, அழகா இருந்துச்சு. எனக்கே கூட ஒரு நிமிஷம் நல்லாத்தான் தெரிஞ்சுச்சு, பொய் சொல்லக் கூடாது.

நான் டிரைவர்கிட்ட, “தம்பி, கரை போகுதுப்பா, சின்ன பக்கெட் இல்லியா?”ன்னு கேட்டேன். “அண்ணே, வண்டியில இருக்குறது இது ஒண்ணுதான். தூர் எடுக்கச் சொன்னாங்க, எடுக்குறேன்”னான். அவன் மேல தப்பில்ல. இருபத்தஞ்சு வயசுப் பையன், வண்டி அவனுது இல்ல, பக்கெட்டும் அவனுது இல்ல, வாய்க்காலும் அவனுது இல்ல. அவனுக்கு நாள் பேட்டா. வேலையை எடுத்தவர் யாருன்னு இங்க எழுதப் போறதில்ல. அவரும் வாய்க்காலை வந்து பாத்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

கார்த்திகை மழையில ரெண்டு எடத்துல கரை ஒடைஞ்சுது. செங்குத்தா நின்ன பச்சை மண்ணு, வேர் இல்லாத மண்ணு, வேற என்ன ஆகும். என் வயல்ல முப்பது சென்ட்டுக்கு மணலும் சேறும் மூடி, தொண்டைக் கதிர்ல நின்ன பயிர் படுத்துப் போச்சு. எட்டு மூட்டை. பெரிய நஷ்டம் இல்லன்னு சொல்லுவீங்க. ரெண்டு ஏக்கர்காரனுக்கு எட்டு மூட்டைன்னா ஒரு உழவுக் கூலியும் உரமும் சேந்த கணக்கு.

என்னோட கோவம் எங்கன்னா, இத்தனை பேர் சம்பந்தப்பட்ட வேலையில, “இந்த வாய்க்கால் எவ்வளவு அகலம், இந்த பக்கெட் எவ்வளவு அகலம்?”னு ஒரே ஒரு ஆள் கூட கேக்கல. டேப்பு வெச்சு அளந்தா ஒரு நிமிஷ வேலை.

இதை எழுதுனா பட்டணத்து நண்பர்கள் உடனே ஒரு பக்கம் சாஞ்சுடுவீங்கன்னு தெரியும். “ஆமாங்க, ஜேசிபி வந்துதான் கிராமமே அழிஞ்சுது, மம்பட்டியே போதும்.” ஐயா, போதாது. மம்பட்டி பிடிக்க ஆள் வேணும். என் வயசு அம்பத்தஞ்சு, என் இடுப்புக்கும் அதே வயசு. நூறு நாள் வேலையில ஆள் இருக்கே, அங்க மிஷினே விடக் கூடாதுன்னு சட்டமே இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா எனக்கு பைப் பதிக்க ஐப்பசிக்குள்ள அறுநூறு அடி குழி வேணும்னா அவங்க வரமாட்டாங்க. அது பொது வேலை, இது என் வேலை. அதனால மிஷின் வேணும். மிஷினைத் திட்டுற கட்டுரை இது இல்ல.

2019 மே மாசம் ஞாபகம் இருக்கா? ஜேசிபி மண் தோண்டுறதை ஊரே கூடி நின்னு வேடிக்கை பாக்குதுன்னு சொல்லி, நாடு முழுக்க செல்போன்ல கேலி பண்ணிச் சிரிச்சீங்க. நாங்களும் சிரிச்சோம். ஆனா எங்க ஊரு ஆளுங்க சும்மா வேடிக்கை பாக்கல. அது எங்க தோண்டுது, எவ்வளவு ஆழம் போகுது, எந்த மண்ணு மேல வருதுன்னு பாத்துக்கிட்டு நின்னோம். நல்லா நின்னு பாத்திருக்கணும். பக்கெட்டையும் பாத்திருக்கணும்.

பேரைப் பத்தி ஒரு வார்த்தை. எங்க பக்கம் மஞ்சக் கலர்ல டயர் வெச்சு வந்தா எல்லாமே ஜேசிபிதான், எந்த கம்பெனியா இருந்தாலும். சங்கிலிச் சக்கரத்துல வந்தா ஹிட்டாச்சி. பேப்பர்காரங்க ‘பொக்லைன்’னு எழுதுவாங்க, அது ஒரு பிரெஞ்சு கம்பெனிப் பேரு. ஜேசிபிங்கிறது இங்கிலாந்துல ஜோசப் சிரில் பாம்ஃபோர்டுங்கிற ஒரு மனுஷனோட பேரோட முதலெழுத்து. 1945-ல கம்பெனி தொடங்கினவரு. இந்தியாவுல 1979-ல ஹரியானா பல்லப்கர்ல செய்ய ஆரம்பிச்சாங்க. நான் பள்ளிக்கூடம் போன காலத்துல எங்க ஊருக்கு அது வரவே இல்ல. இப்ப அரியலூர்ல சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் இருக்குறதால மண் மிஷின் பாக்காத ஆளே இல்ல. சுரங்கத்துல கல்லை அள்ளுற மிஷினைப் பாத்துப் பழகின கண்ணு, வயலுக்கும் அதே அளவுல கேக்குது. பாதி வியாதி அங்கதான்னு நான் நெனைக்கிறேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். என் அக்கா மகன் ஒரு டிராக்டர் வெச்சிருக்கான், 45 குதிரைச் சக்தி. அதுக்குப் பின்னாடி மாட்டுற தோண்டுற கை வாங்கியிருக்கான். எங்க ஊர்ல அதை டிராக்டர் ஜேசிபின்னு சொல்றோம். கடன்லதான் வாங்கினான். வித்தவங்க அதோட ரெண்டடி பக்கெட்டைக் குடுத்தாங்க. ஒரு அடி பக்கெட்டும் எடுத்துக்கலாமேன்னு நான் சொன்னதுக்கு, “மாமா, சின்னது எதுக்கு? பெருசுல சின்ன வேலையும் செய்யலாம், சின்னதுல பெரிய வேலை செய்ய முடியுமா?”ன்னான். கேக்க நியாயமா இருக்கும். கடைக்காரர் சொல்லிக் குடுத்த வசனம்னு எனக்கு அப்பவே தெரியும்.

“மாப்ள, சுக்கான் தரையில குழி வெட்ட உங்கப்பா எதை எடுப்பாரு, மம்பட்டியா கடப்பாரையா?”ன்னு கேட்டேன். பதில் சொல்லல. வண்டியைக் கழுவப் போயிட்டான்.

தரையில எறங்குறது பக்கெட்டோட உதடும் பல்லும்தான். அதைத் தள்ளுற பலம் டிராக்டர்லேருந்து வர்ற எண்ணெய் அழுத்தம். அந்த பலம் டிராக்டருக்கு ஒரு அளவுதான், பக்கெட்டை மாத்தினா கூடாது. கணக்குக்கு 1,200 கிலோன்னு வெச்சுக்குங்க. 12 அங்குல பக்கெட்டா இருந்தா அங்குலத்துக்கு 100 கிலோ. 24 அங்குலமா இருந்தா அங்குலத்துக்கு 50 கிலோ. அதே 36 அங்குலம்னா 33 கிலோ. கடப்பாரை ஏன் எறங்குது, மம்பட்டி ஏன் எகிறுதுங்கிறதும் இதேதான். எட்டாவது படிக்கிற பையனுக்குப் புரியும்.

எங்க ஊரைச் சுத்தி செம்மண்ணும் இருக்கு, கரிசலும் இருக்கு. செம்மண்ல முந்திரி, கரிசல்ல பருத்தி, மக்காச்சோளம், தெக்க கொள்ளிடத்துப் பக்கம் போனா நெல்லு, கரும்பு. பல எடத்துல மேல மண்ணு நல்லா இருக்கும், ஒன்றரை ரெண்டு அடிக்குக் கீழ சுக்கான் தட்டும். வெள்ளை வெள்ளையா சுண்ணாம்புக் கட்டி, காய்ஞ்சா கல்லு. முதல் ஒன்றரை அடி ரெண்டடி பக்கெட்டு வெண்ணெய் மாதிரி போகும். வாங்கின அன்னைக்கு ஓட்டிக் காட்டுறது அதைத்தான். சுக்கான் வந்ததும் பக்கெட்டு தரையைச் சுரண்டும், எறங்காது. பையன் விடுவானா, இன்னும் இழுப்பான். அப்ப மண்ணு வராது, டிராக்டரே பின்னாடி வரும். சப்போர்ட் கால் ரெண்டும் மண்ணுல கோடு போட்டுக்கிட்டு நகரும். எண்ணெய்க்குப் போக வழியில்லாம வால்வு கீச்சுன்னு கத்தும், எண்ணெய் சூடாகும், ஓஸ் எங்கயாவது வெடிக்கும். அதுக்கும் அடங்காதவன் பக்கெட்டைக் கோணலா வெச்சு ஓரத்துப் பல்லு ஒண்ணால மட்டும் குத்துவான். குத்தினா எறங்கும். ஏன்னா இப்ப அது ஒரு பல்லு பக்கெட்டு! ஆனா அந்த முறுக்கு பூரா பின்னுலயும் புஷ்ஷுலயும் போய் விழும். என் மருமகன் ஆறு மாசத்துல பின்னு மாத்தினான். கை ஆடுது, பக்கெட்டைக் கையால புடிச்சு ஆட்டினாலே லொடக் லொடக்குங்குது.

எடையும் இருக்கு. அவன் ரெண்டடி பக்கெட்டுக்கு நான் ஒருநாள் சும்மா இருந்தப்ப சட்டியால மண்ணு அள்ளிப் போட்டு எண்ணினேன். எட்டு சட்டி புடிச்சுது. ஈரக் களிமண்ணு எட்டு சட்டின்னா நூத்தி நாப்பது கிலோ தாராளமா வரும். பக்கெட் இரும்பு எடை தனி. அதைப் பத்தடி தள்ளி நீட்டின கையோட நுனியில தூக்கணும். ஏழரை டன் ஜேசிபிக்கு அது தூசி. பாதி டன்னுக்கு மேல ஒரு கையைப் பின்னாடி தொங்கவிட்டுக்கிட்டு முன் சக்கரம் லேசாகி நிக்கிற 45 குதிரை டிராக்டருக்கு அது தூசி இல்ல. மேடு பள்ளத்துல கையைப் பக்கவாட்டுல நீட்டி, முழு பக்கெட்டோட திருப்பும்போது ஒரு பக்கச் சப்போர்ட் கால் பச்சை மண்ணுல பொதைஞ்சா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. ஓட்டுறவன் என் அக்கா மகன்ங்கிறதால எனக்கு இதை எழுதும்போதே வயித்தைக் கலக்குது.

சரி, வேலை சீக்கிரம் முடியுமேன்னு கேப்பீங்க. என் மருமகனும் அதைத்தான் சொன்னான், ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. மணிக் கணக்குல வாடகை குடுக்குறவனுக்குப் பெரிய பக்கெட்டுதான் லாபம்னு ஒரு நம்பிக்கை. இதை நான் பேப்பர்ல போட்டுப் பாத்தேன். போர்லேருந்து வயலுக்கு பைப் பதிக்கணும். அறுநூறு அடி நீளம், ரெண்டரை அடி ஆழம். ஒரு அடி பக்கெட்டுல தோண்டினா 1,500 கன அடி மண்ணு, அதாவது 15 யூனிட். ரெண்டடி பக்கெட்டுல தோண்டினா 3,000 கன அடி, 30 யூனிட். பக்கெட்டு ரெண்டு மடங்கு, மண்ணும் ரெண்டு மடங்கு. அப்ப எத்தனை தடவை கையை எறக்கி ஏத்தணும்? ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை! பக்கெட்டு முழுசா ரொம்பினாத்தான் இந்தக் கணக்கே. சுக்கான்ல பெரிய பக்கெட்டு பாதிதான் ரொம்பும், அப்ப எண்ணிக்கை கூடும். நேரத்துல மிச்சம் இல்ல. டீசல் கூட. அதுக்கு மேல, தேவையே இல்லாம 15 யூனிட் மண்ணைத் தோண்டி வெளிய போட்டு மறுபடி உள்ள தள்ளணும். அறுபது டன்னுக்கு மேல வரும். எதுக்கு? 75 மில்லிமீட்டர் பைப்புக்கு! என் மூணு விரலை அடுக்கி வெச்சாப் போற பைப்புக்கு ரெண்டடி அகலத்துல அகழி!

“உள்ள எறங்கி பைப் ஒட்டணுமே மாமா”ன்னான். எவன் உள்ள எறங்கி ஒட்டுறான்? பி.வி.சி. பைப்பை மேலயே அடுக்கி, பசை போட்டு ஒட்டி, காய விட்டு, நீளமா தூக்கி உள்ள எறக்குறோம். வளைவு வர்ற எடத்துல மட்டும் மம்பட்டியால கொஞ்சம் அகலப்படுத்தினாப் போதும்.

மூடினதுக்கப்புறம்தான் உண்மையான செலவு தெரியும். தோண்டின மண்ணு உப்பும், எல்லாரும் பாத்திருப்பீங்க. குழியை மூடினா மேடா நிக்கும். ஒரு மழைக்கு அமுங்கும், ரெண்டு மழைக்குப் பள்ளமாகும். ஒரு அடி அகலப் பள்ளத்தை டிராக்டர் டயரு தாண்டிப் போயிடும். ரெண்டடிப் பள்ளத்துல டயரு உள்ள எறங்கும். போன வருஷம் பக்கத்து வயல்ல உழவு டிராக்டரே சாஞ்சு நின்னுச்சு, பைப்பும் கீழ நசுங்கிச்சு. அப்புறம் மண்ணு நிறம். கீழ கெடந்த சுக்கான் மேல வந்துடும், மேல கெடந்த நல்ல மண்ணு அடியில போயிடும். அந்த ரெண்டடிப் பட்டையில அடுத்த மூணு வருஷத்துக்குப் பயிர் மஞ்சப் பூத்துத்தான் நிக்கும். வயல்ல கோடு கிழிச்ச மாதிரி தெரியும். எங்க பைப் போகுதுன்னு கண்டுபுடிக்க வசதி, அது ஒண்ணுதான் நன்மை.

இதுக்காக சின்னதுதான் எப்பவும் நல்லதுன்னு சொல்ல வரல. அப்படிச் சொன்னா அதுவும் கடைக்காரர் வசனம் மாதிரி ஆயிடும். ஒம்பது அங்குல பக்கெட்டு ஒண்ணு எங்க சொந்தக்காரர் வெச்சிருந்தாரு. ஈரக் கரிசல்ல அது அவ்வளவுதான். களிமண்ணு உள்ள போய் அடைச்சுக்கும், கவுத்தாலும் விழாது. ஒரு ஆள் கடப்பாரையோட பக்கத்துலயே நிக்கணும், பக்கெட்டுக்குப் பல்லு குத்துறதுக்கு. பதம் பாத்து, மண்ணு புட்டு மாதிரி உதிர்ற நாள்ல தோண்டினா அது ஓடும். கரிசல்காரங்க 12 அங்குலத்துக்குக் கீழ போக வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். லேசான மணல்ல, பொருக்கு மண்ணுல, அள்ளிப் போட்ட வண்டல்ல ரெண்டடி என்ன, மூணடி கூட வெச்சுக்கலாம். அங்க கிழிக்கிற வேலையே இல்ல, அள்ளுற வேலைதான். ஆனா அதுக்குப் பல்லு வேண்டாம், மொழுக்குன்னு தகடு உதடு இருக்கணும். பல்லு வெச்ச பக்கெட்டால வாய்க்கால் அடியை வழிச்சா உழுத மாதிரி ஆயிடும், தண்ணி கடைமடைக்குப் போகாம அங்கயே உறிஞ்சிடும்.

நடுவுல 18 அங்குலம்னு ஒண்ணு இருக்கு. எங்க கிளை வாய்க்காலுக்கு அதுதான் சரியான அளவு. பக்கெட்டு போக, ரெண்டு பக்கமும் சரிவு அப்படியே நிக்கும், அறுகு சாகாது. மிச்சத்தை ரெண்டு ஆள் ஒரு நாள் மம்பட்டியால ஒதுக்கிடுவாங்க. அளக்கும்போது உதட்டோட வெளி அளவைப் பாக்கணும், பக்கத்துல திருகியிருக்குற வெட்டுத்தகட்டையும் சேத்து. வெட்டுற குழி எப்பவும் பக்கெட்டை விட ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம் கூடத்தான் வரும். பக்கெட்டு அடிச்சு வெச்சிருக்குற நம்பரைப் பாத்து ஏமாறாதீங்க.

பக்கெட்டு மாத்துறதுக்கு நேரம் ஆகுதுன்னு டிரைவருங்க சொல்லுவாங்க. ரெண்டு பின்னு, ஒரு சுத்தியல், கொஞ்சம் கிரீஸ். துருப் புடிக்க விடாம வெச்சிருந்தா அரை மணி நேரத்துக்குள்ள வேலை. டீ குடிக்கப் போற நேரம் அதைவிட அதிகம். துருப் புடிக்க விட்டா அரை நாள். அது பக்கெட்டோட தப்பு இல்ல.

இப்ப ஏரிக்கு வர்றேன், ஏன்னா என் கோவம் வாய்க்காலோட நிக்கல. 2017-ல குடிமராமத்துன்னு மறுபடி ஆரம்பிச்சு, முதல் தவணையா 100 கோடி ரூபாய்ல 1,519 வேலைன்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம். ஏரி, குளத்து வண்டலை விவசாயி எடுத்துக்கலாம்னு விதியும் வந்துச்சு. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் நடை. புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர், 30 நடை. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு நடைக்கு 3 கன மீட்டர், நம்ம பேச்சுல சொன்னா ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. விதி எழுதினவரு டிராக்டர் பெட்டியைப் பாத்திருக்காரு, அவருக்கு ஒரு கும்பிடு.

ஆனா அந்த வண்டலை எதால, எவ்வளவு ஆழம் அள்ளணும்னு களத்துல நின்னு பாக்க ஆள் இல்ல. ஏரி அடியில வண்டலுக்குக் கீழ ஒரு களித் தட்டு உக்காந்திருக்கும். வருஷக் கணக்கா படிஞ்ச மெத்தை. தண்ணியைப் புடிச்சு வெச்சிருக்குறது அதுதான். அதுல பல்லு வெச்ச பெரிய பக்கெட்டை எறக்கிக் கிழிச்சு, கீழ இருக்குற மணல் வரைக்கும் போனா, ஏரி ஓட்டைப் பானை. மண்ணு அள்ளுறவனுக்கு கன மீட்டர்தான் கணக்கு. ரோட்டோரமா, லாரி நிக்கிற எடத்துலயே பத்தடி குழி வெட்டினா அவனுக்கு கன மீட்டர் வந்துடும். வண்டல் படிஞ்சு கெடக்குற மதகுப் பக்கம் யாரு போறது? அப்படி வெட்டின குழியில மழைக்கு ஆடு மாடு விழுது, புள்ளைங்க விழுதுங்க. பேப்பர்ல வருஷா வருஷம் படிக்கிறீங்கல்ல. வண்டலுக்கு அகலமான, பல்லு இல்லாத பக்கெட்டு. அரை அடி, ஒரு அடின்னு வழிச்சுக்கிட்டே போகணும். மெதுவான வேலைதான். இங்க பெரிய பக்கெட்டு வேணும்னு நானே சொல்றேன், பாத்துக்குங்க.

எங்க மாவட்டத்துலதான் கங்கைகொண்டசோழபுரம் இருக்கு, பக்கத்துல ராசேந்திர சோழன் வெட்டின சோழகங்கம் இருக்கு. இப்ப பொன்னேரின்னு சொல்றோம். பெருமை பேச எல்லாரும் வர்றீங்க, போட்டோ எடுக்குறீங்க. அவ்வளவு பெரிய ஏரியை வெட்டினதும் மம்பட்டி அகலத்துலதான்.

கடைசியா பட்டணத்துக்காரங்களுக்கு. இது உங்க மேல கோவம்தான், மறைக்கல. அஞ்சாறு வருஷமா எங்க பக்கம் சென்னை, திருச்சி ஆளுங்க ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர் முந்திரித் தோப்பு வாங்குறீங்க. வாங்கட்டும், நல்லது. வாங்கின முதல் ஞாயித்துக்கிழமையே கார்ல வந்து எறங்கி, “இருக்குறதுலயே பெரிய மிஷினைக் கூப்பிடுங்க, ஒரே நாள்ல சுத்தம் பண்ணிடலாம்”ங்கிறீங்க. திங்கக்கிழமை ஆபீஸ் போகணும், அவசரம் புரியுது. பெரிய பக்கெட்டு வந்து முந்திரி மூட்டை வேரோட கெல்லும். ஒவ்வொரு மூட்டுக்கும் ஆறடிக் குழி. மேல இருந்த செம்மண்ணு எங்கயோ, கீழ இருந்த சரளை மேல. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் அடிச்சு பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூரா சாஞ்சப்ப, சொந்தக்காரங்க ஊருக்கு நான் மரம் ஒதுக்கப் போயிருந்தேன். அவசரத்துல பெரிய மிஷின் விட்டுக் கெல்லின தோப்புல புதுக் கன்னு திணறிச்சு. ஒரு அடி பக்கெட்டால மூட்டைச் சுத்தி வேரை முதல்ல வெட்டி விட்டுட்டு, அப்புறம் டிராக்டர்ல சங்கிலி போட்டு இழுத்த தோப்புல கன்னு நல்லாவே வந்துச்சு. ஒரு மூட்டுக்கு முக்கால் மணி நேரம் கூட ஆச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படி மண்ணைப் பொரட்டிப் போட்ட அதே ஆளு, அடுத்த மாசம் எங்கிட்ட வந்து, “அண்ணே, மண்ணுல சத்தே இல்லியே, பஞ்சகவ்யம் எவ்வளவு ஊத்தலாம்?”னு கேக்குறாரு. நான் என்ன சொல்லட்டும்? சத்து குழிக்கு அடியில கெடக்கு, போய்த் தோண்டி எடுங்கன்னா சொல்றது? மொகத்துக்கு நேரா சொல்ல முடியல, அதான் இங்க எழுதுறேன். அவரும் இதைப் படிப்பாரு.

அடுத்த தடவை மிஷினுக்குப் போன் பண்ணும்போது “மணிக்கு எவ்வளவு?”ன்னு கேக்குறதுக்கு முன்னாடி, “பக்கெட்டு எத்தனை அங்குலம்?”னு கேளுங்க. அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே வராது. இதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. பத்து பேரு கேட்டா பதினோராவது ஆளுக்கு ஒரு அடி பக்கெட்டும் வண்டியிலயே வரும்.

மருமகன் விஷயம் சொல்லி முடிக்கலியே. பின்னு ரெண்டாவது தடவை தேஞ்சதும் அவனே ஒருநாள் சாயங்காலம் வந்தான். என்னைப் பாக்காம செவுத்துக் காலண்டரைப் பாத்துக்கிட்டே, “மாமா, அந்த ஒரு அடி பக்கெட்டு பட்டறையில செஞ்சு தருவாங்களா?”ன்னான். அரியலூர்ல ஒரு வெல்டிங் பட்டறையில சொல்லி, பழைய தகடு வாங்கிக் குடுத்து அடிச்சோம். மூணு பல்லு, கழட்டி மாத்துற மாதிரி. முதல் தடவை அடிச்சதுல பின்னு ஓட்டை ஒரு நூல் தப்பிப் போய், மறுபடி கொண்டு போனோம். ஒரு நாள் வீண்.

போன செவ்வாக்கிழமை என் வயல்லயே முதல் வேலை. பழைய பைப்பைத் தூக்கிட்டுப் புதுசு போடணும். சுக்கான் தட்டின எடத்துல நான் பக்கத்துலயே நின்னேன். பல்லு எறங்குச்சு. டிராக்டர் நகரல. வால்வு கத்தல. பையன் திரும்பி என்னைப் பாத்தான், ஒண்ணும் சொல்லல. மதியம் சாப்பிட வந்தப்ப அவன் அம்மாகிட்ட, “நான்தான் சின்ன பக்கெட்டு செய்யணும்னு முடிவு பண்ணேன்”னு சொல்லிக்கிட்டு இருந்தான். அக்கா என்னைப் பாத்துச்சு. நான் ரசத்தை ஊத்திக்கிட்டேன்.

ஆடிக்குள்ள 18 அங்குலம் ஒண்ணும் அடிச்சுடலாம்னு இருக்கோம். இந்தத் தடவை வாய்க்கால் வேலைக்கு எந்த மிஷின் வந்தாலும், நான் கையில டேப்போட போய் கரையில நிக்கப் போறேன்.